அத்தையின் கால் யாரால் போனது

அத்தையின் கால் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகுதான் அந்த வரி எங்கள் வீட்டுக்கு வந்தது. அத்தை என்று நான் சொல்வது என் மாமியாரை. மரக்காணம் அளத்தில் உப்பு வாரி, உப்பு சுமந்து, இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவர். வரி இருந்தது டாக்டருடைய பதில் மனுவில். திண்டிவனத்தில் வக்கீல் அதை ஆங்கிலத்தில் வாய்க்குள் படித்துவிட்டுத் தமிழில் சொன்னார். நோயாளி மருத்துவரின் பேச்சை மீறி, ஆறாத புண்ணோடு உப்பளத்துத் தண்ணீரில் இறங்கி வேலை செய்திருக்கிறார். அதனால்தான் புண் அழுகியது. கால் போனதற்கு அவருடைய அலட்சியமே காரணம்.

அத்தை ஊன்றுகோலை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வக்கீலைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"என் காலு என்னாலதான் போச்சின்றாரா?"

"அப்டித்தான் எழுதியிருக்காரு அத்தை."

"சின்னவரா எழுதியிருக்காரு?"

கையெழுத்து அவருடையதுதான் என்று வக்கீல் சொன்னார். அதுவரை அது என்னுடைய வழக்கு. நான்தான் அத்தையை இழுத்துக்கொண்டு அலைந்தேன். 'போனது போச்சு, வுடும்மா' என்று அவர் பின்னால் வந்தார். அன்றைக்குத் திண்டிவனம் பஸ் நிலையத்தில் டீ வாங்கிக் கொடுத்தபோது குடிக்காமல் கையில் வைத்திருந்துவிட்டு, இதை விடக் கூடாது என்றார். அந்த நிமிஷத்தில் வழக்கு அவருடையதாகிவிட்டது.

சின்னவர் என்று அவர் சொன்னது டாக்டரை. அத்தை கல்யாணமாகி வந்ததிலிருந்து வேலை செய்த அளம் டாக்டருடைய அப்பா எடுத்து நடத்தியது. இப்போது பெரிய மகன் நடத்துகிறார். சின்ன மகன் படித்து டாக்டராகிக் கடைத்தெருவில் ஆஸ்பத்திரி வைத்தார். நல்ல கைராசி என்று பேர். கையில் காசு இல்லையென்றால் அப்புறம் கொடு என்பார். என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நானும் அங்கேதான் ஓடுவேன். அவரைக் கெட்டவர் என்று எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபம். ஆனால் அவர் கெட்டவர் இல்லை; தப்புச் செய்தவர். செய்த தப்பை ஒரு பாவப்பட்ட பொம்பளையின் தலையில் கட்டப் பார்த்தவர்.

நடந்தது இவ்வளவுதான். ஒரு கார்த்திகை மாசம், மழை கொஞ்சம் விட்டிருந்த நாளில், அத்தை விறகு பொறுக்கப் போனார். வேலிக்காத்தான் என்கிற சீமைக்கருவேல முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு குதிகாலில் ஏறிவிட்டது. அளத்துக்காரர்களின் கால் காய்த்துப் போன கால், சின்ன முள்ளெல்லாம் அதில் நுழையாது. இது நுழைந்து உள்ளேயே ஒடிந்தது. நான்தான் ஸ்கூட்டியில் உட்காரவைத்து டாக்டரிடம் கூட்டிப்போனேன். நான் ஒரு தனியார் பள்ளியில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். அன்றைக்கு மழைக்காக லீவு விட்டிருந்தார்கள். டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, கீறி, முள்ளை எடுத்து, என்னிடம் காட்டி, பெரிசா இருக்கு பாரும்மா என்று சிரித்தார். கழுவினார். தையல் போட்டு மூடினார். கட்டுக் கட்டினார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கவும் இல்லை, விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கவும் இல்லை. எங்களுக்கும் தெரியாது. வேலைக்குப் போகிற உடம்பு, அதில் என்ன சர்க்கரை என்று நினைத்திருந்தோம்.

வலி குறையவில்லை. மறுபடி போனோம். கட்டை அவிழ்க்காமலே, அளத்துக் காலு, தோலு தடிப்பு, அப்படித்தான் வலிக்கும் என்று ஒரு ஊசி போட்டார். கணுக்காலுக்கு மேல் வீங்கியதும் இன்னொரு தடவை போனோம். கட்டை அவிழ்த்துப் பாருங்க சார் என்று நான் கேட்டேன். இப்போ அவிழ்த்தால் தையல் விட்டுப்போகும் என்றார். அந்த ராத்திரியே அத்தைக்குக் குளிரும் காய்ச்சலும் வந்து பேச்சுக் குழறியது. விடிந்ததும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். கீழ்புத்துப்பட்டு தாண்டும்வரை மழை கண்ணைத் திறக்க விடவில்லை. அத்தையின் காலை என் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். கட்டுக்குள்ளிருந்து வந்த வாடையை நான் இன்னும் மறக்கவில்லை.

அங்கே கட்டைப் பிரித்தபோது பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சர்க்கரை பார்க்கிற மெஷினில் எண்ணே வரவில்லை, அதிகம் என்று மட்டும் காட்டியது. தையலைப் பிரித்ததும் உள்ளேயிருந்து மிச்ச முள்நுனி வந்தது. உயிரைக் காப்பாற்ற முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் செய்த இளம் டாக்டர் வராந்தாவில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"இதைத் தைச்சு மூடியிருக்கவே கூடாதும்மா. தெறந்துதான் வுட்டிருக்கணும். சுகராவது பாத்திருக்கணும்."

இதை எழுதிக் கொடுப்பீங்களா சார் என்று கேட்டேன். அவர் வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்தார். தான் செய்ததைத்தான் எழுத முடியும், இன்னொரு டாக்டர் செய்ததைப் பற்றி எழுத முடியாது என்றார். அவர் நிலைமை எனக்குப் புரிந்தது. புரிந்தாலும் கோபம் வந்தது. உண்மை என்றால் வராந்தாவில் மட்டும்தான் உண்மையா?

வழக்குப் போடுவது என்றால் நியாயம் நம் பக்கம் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். வக்கீல் அந்த நினைப்பைச் சிரித்துக்கொண்டே உடைத்தார். அவர் பழைய ஆள், பேச்சில் அவசரமே கிடையாது. கால் போனதைக் காட்டினால் போதாது என்றார். டாக்டர் செய்யக் கூடாததைச் செய்தார், செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்று காட்ட வேண்டும். அதற்கப்புறம், அதனால்தான் கால் போனது, வேறு எதனாலும் இல்லை என்றும் காட்ட வேண்டும். முதலாவதைக்கூடக் காட்டிவிடலாம், எல்லா வழக்கும் இரண்டாவதில்தான் வழுக்கும் என்றார். முதலாவதுக்கே நாக்குத் தள்ளிவிட்டது. தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று எத்தனையோ டாக்டர்களைப் போய்ப் பார்த்தேன். காகிதங்களைப் புரட்டுவார்கள், உச்சுக் கொட்டுவார்கள், பாவம்மா என்பார்கள். விழுப்புரத்தில் நுகர்வோர் ஆணையத்தில் வந்து சொல்ல வேண்டும் என்றதும் வெளியே காத்திருக்கும் நோயாளிகள் அவர்கள் ஞாபகத்துக்கு வந்துவிடுவார்கள்.

கடைசியில் ஆணையமே ஒரு அரசு மருத்துவக் கல்லூரியிடம் கருத்துக் கேட்டது. பதில் வர ரொம்ப நாளானது. வந்ததும் வக்கீல் போன் பண்ணி வாசித்தார். முள் குத்திய ஆழமான புண்ணைத் தைத்து மூடியது சரியல்ல. சர்க்கரையைச் சோதித்திருக்க வேண்டும். வீக்கம் வந்தபோது தையலைப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். பள்ளிக்கூட ஆபீஸில் நான் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன். "இரும்மா, இன்னும் இருக்குது" என்றார் வக்கீல். ஆனாலும், நோயாளி அந்தப் புண்ணோடு அசுத்தமான நீரில் இறங்கி வேலை செய்திருந்தால், அது ஒன்றே இந்த அளவுக்குப் புண் அழுகப் போதும். அந்த 'ஆனாலும்' என்னைத் திரும்ப உட்கார வைத்தது.

ஆகவே எல்லாம் ஒரு கேள்வியில் வந்து நின்றது. அத்தை அந்தக் கார்த்திகையில் அளத்துத் தண்ணீரில் இறங்கினாரா இல்லையா?

இதற்குள் டாக்டர் எழுதிய வரி ஊரெல்லாம் பரவியிருந்தது. கோர்ட்டுக் காகிதத்தில் இருக்கிறது என்றால் சும்மாவா இருக்கும் என்று பேசினார்கள். அனுமந்தையில் இருக்கும் அத்தையின் அண்ணன், ஒரு காதுகுத்தில், பந்தியில் உட்கார்ந்துகொண்டே சொன்னார். "சும்மா கெடக்க மாட்டா. புண்ணோட வேலைக்கிப் போயி கால வுட்டுட்டு, இப்ப டாக்டர் மேல கேஸு போட்டுக்குனு அலையிறா." அத்தை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இலையை மூடவில்லை, எழுந்திருக்கவில்லை, முழுசாகச் சாப்பிட்டு முடித்தார். வரும் வழியில் ஆட்டோவில்தான் அழுதார். கால் எடுத்தபோதுகூட நான் அவரை அப்படி அழுது பார்த்ததில்லை. டாக்டர் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, தப்பாயிடுச்சும்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தை இந்த வழக்கையே விட்டிருப்பார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஆணையத்தில் அத்தையை விசாரித்த நாள் வந்தது. டாக்டரின் வக்கீல் சென்னைக்காரர், சின்ன வயசு, பேச்சு சர்க்கரை. அத்தையை அம்மா அம்மா என்றார். உட்கார்ந்தே பதில் சொல்லுங்கள் என்றார். நீங்கள் உப்பளத்துக்குத் தினமும் வேலைக்குப் போவீர்களா என்று கேட்டார்.

"ஆமாங்க. கல்யாணம் ஆயி வந்ததுலேர்ந்து போறேன். ஒரு நாளு தவறுனது இல்ல."

"உடம்பு சரியில்லைன்னா?"

"ஜொரத்தோடகூட போயிருக்கேங்க."

"கால்ல காயம் இருந்தா, அம்மா?"

"அளத்துல வேல செய்யிறவங்களுக்குக் காயம் இல்லாத காலு ஏதுங்க? அதப் பாத்தா முடியுமா? போவோம்."

ரொம்ப நன்றி அம்மா என்று அவர் உட்கார்ந்துவிட்டார். எங்கள் வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். போதாக்குறைக்கு எங்கள் மனுவிலும் அதே வாசகம் இருந்தது. போன கூலியைக் கேட்பதற்காக, தினந்தோறும் உப்பளத்தில் வேலை செய்து வந்தார் என்று எழுதியிருந்தோம். எங்கள் வாயாலேயே எங்கள் குழியைத் தோண்டியிருந்தோம்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் அத்தை, ஊன்றுகோல் எங்கள் இருவர் நடுவிலும். ஏதோ பரீட்சை நல்லபடியாக எழுதிவிட்டு வருகிறவர் மாதிரி நிம்மதியாக இருந்தார். என்னால் அடக்க முடியவில்லை.

"ஏன் அத்தை அப்டி சொன்னீங்க?"

"உள்ளதத்தான சொன்னேன். வேலைக்கிப் போவாத சோம்பேறின்னு நெனைச்சிட்டா?"

"அந்தக் கார்த்திகைல நீங்க எங்க போனீங்க? கட்டில்ல இல்ல படுத்திருந்தீங்க? நாந்தான கஞ்சி ஊத்துனேன்?"

"கார்த்திகைல எவ அளத்துக்குப் போவா? அளமே மழைத் தண்ணியில கெடக்கும். இதுகூடவா தெரியாது அவங்களுக்கு?"

ஏதோ சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நிறுத்திவிட்டேன். ஏனென்றால், எனக்கே ஒரு காலத்தில் தெரியாது.

நான் கிளியனூர்ப் பக்கம். எங்கள் வீட்டில் நெல், மணிலாக் கடலை, கரும்பு. உப்பு என்றால் பானையில் இருப்பது. கல்யாணமாகி வந்த முதல் ஐப்பசியில், கொட்டுகிற மழையில், நல்ல மருமகள் என்று பேர் வாங்க வேண்டுமே என்று விடியற்காலையில் எழுந்து சோறு வடித்துத் தூக்குச்சட்டியில் போட்டு, "அத்தை, அளத்துக்கு நேரமாவுது, இன்னும் கெளம்பலையா?" என்று எழுப்பினேன். வீடே சிரித்தது. என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சிரித்தது போதாதென்று, ஊரில் எல்லோரிடமும் சொல்லி வைத்தார். ரொம்ப நாளைக்கு நான் 'மழைல உப்பு வாரச் சொன்னவ'. மழை விழுந்தால் இங்கே உப்பு விளையாது. ஐப்பசி பிறந்தால் உப்புப் பாத்தியெல்லாம் குளமாகிவிடும். பொங்கல் முடிந்து தண்ணீரை இறைத்து, சேற்றை வழித்து, பாத்தியைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்திய பிறகுதான் வேலை. இந்தப் பக்கத்தில் நண்டும் சிண்டும் தெரிந்து வைத்திருக்கிற விஷயம் அது. அதனாலேயே இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'ஒரு நாள் தவறாமல்' என்றால் அவர்கள் கணக்கில் அளம் ஓடுகிற நாட்களில் ஒரு நாள் தவறாமல். கிளியனூர்க்காரி எனக்கே தெரியவில்லை என்றால், விழுப்புரத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? சென்னை வக்கீலுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் எங்கள் வக்கீலிடம் சொன்னேன். "அப்படியா?" என்றார் அவரும். திண்டிவனத்துக்காரர்தான்.

அப்போதுதான் என் கோபம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த வரியை எழுதிய வக்கீலுக்குத் தெரியாது, சரி. அதன் கீழே கையெழுத்துப் போட்டவருக்கு? அளத்து ஓரத்து வீட்டில் பிறந்து, அந்த உப்பு விற்ற காசில் டாக்டருக்குப் படித்தவருக்கு?

சாட்சிக்கு ஆள் தேடினோம். அத்தையோடு சோடியாக உப்பு சுமந்த பெண் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நீ கேட்பது நியாயம், ஆனால் தை மாசம் நான் அவர்கள் அளத்தில்தானே இறங்க வேண்டும் என்றார். மற்றவர்களும் அதைத்தான் வேறு வேறு வார்த்தையில் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் வீட்டுக்காரரே அதே அளத்தில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். டாக்டரின் அண்ணன் அவரைக் கூப்பிட்டு, அம்மாவுக்குக் கட்டைக் கால் நான் வாங்கித் தருகிறேன், உனக்கு எப்போதும் இங்கே வேலை உண்டு, தம்பி பேர் கெட வேண்டாம் என்று தன்மையாகச் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்காரர் வந்து சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்தார். வேலை போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டார். உங்க அம்மா கால் போனதைவிட உங்க வேலை பெரிசா என்று நான் கத்தினேன். அது அநியாயமான பேச்சு என்று கத்தும்போதே தெரிந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. அத்தைதான் எங்கள் சண்டையை நிறுத்தினார்.

"அந்தப் பெரியவரு கட்டக் காலு வாங்கித் தர வேணாம்டா. அவரு தம்பி எழுதுனது பொய்யின்னு ஒரு வார்த்த சொல்லட்டும். கேஸே வேணாம், நாளைக்கே எடுத்துக்கலாம்."

என் வீட்டுக்காரர் மறுநாள் போய் அதை அப்படியே சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து லோடுக்கு ஆள் கூப்பிடும்போது இவர் பேர் வரவில்லை. இவர் புதுச்சேரிப் பக்கம் கட்டட வேலைக்குப் போக ஆரம்பித்தார். அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. அவர் என்னைக் கேலி செய்த பாவமெல்லாம் அதோடு கழிந்தது.

அளத்துப் பருவத்துக்கு ஆதாரமாக ஏதாவது காகிதம் வாங்கிப் போடலாம் என்றார் வக்கீல். போடுங்கள், ஆனால் டாக்டரைக் குறுக்கு விசாரணை செய்யும்போது அவரிடமே கேளுங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். பதில் தெரியாத கேள்வியை எதிராளியிடம் கேட்கக் கூடாது, அது தொழில் பாடம் என்றார்.

"பதிலு எனக்குத் தெரியும் சார். அவருக்கும் தெரியும்."

"தெரிஞ்சும் மாத்திச் சொல்லிட்டா?"

"அத்தை முன்னாடி உக்காந்திருப்பாங்க சார். சொல்லட்டும் பாக்கலாம்."

அந்த நாள் அத்தை நீலப் புடவை கட்டிக்கொண்டு வந்தார். சாட்சிக் கூண்டுக்கு நேர் எதிரே முதல் வரிசையில் நான் அவரை உட்காரவைத்தேன். டாக்டர் எங்கள் பக்கம் பார்க்காமல் வந்து நின்றார். இளைத்திருந்தார். எங்கள் வக்கீல் முதலில் வைத்தியத்தைப் பற்றிக் கேட்டார். டாக்டர் ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரு பேர் சொல்லி நிதானமாகப் பதில் சொன்னார். பாதி எனக்குப் புரியவில்லை. எங்கள் பக்கம் சாய்ந்திருந்த தராசுத் தட்டு மெல்ல மெல்ல மேலே போவது மாதிரி இருந்தது. வக்கீல் காகிதத்தை மடித்துவிட்டு, அக்கம்பக்கத்தில் பேசுகிறவர் மாதிரி, உங்கள் குடும்பத்துக்கு உப்பளம் உண்டு இல்லையா என்றார். உண்டு என்றார் டாக்டர். வருஷா வருஷம் அளத்தில் பூஜை போடுவீர்களாமே என்றார்.

"ஆமா. தை மாசம். பொங்கல் முடிஞ்சு நல்ல நாள் பார்த்துப் போடுவோம்."

"நீங்க போவீங்களா டாக்டர்?"

"சின்ன வயசுலேர்ந்து போறேன். எங்க அப்பா என்னைத்தான் முதல்ல பாத்தியில எறக்கி வுடுவாரு."

அதைச் சொல்லும்போது அவர் முகம் கொஞ்சம் இளகியது. அத்தை என் காதோரம் சாய்ந்து, "நாந்தான் கையப் புடிச்சி எறக்குவேன், வழுக்கும்னு" என்றார்.

"அது ஏன் தை மாசம்? கார்த்திகைல ஏன் போடுறதில்ல?"

டாக்டருக்குப் புரிந்துவிட்டது. சென்னை வக்கீலுக்குப் புரியவில்லை. இதெல்லாம் வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று எழுந்தார். ஆணையத்தின் தலைவர் ஒரு பெண்மணி. சம்பந்தம் இருக்கிறதா இல்லையா என்று நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் சொல்லுங்கள் டாக்டர் என்றார். டாக்டர் அப்போதுதான் முதல் தடவையாக அத்தையைப் பார்த்தார். அத்தை முகத்தில் கோபமில்லை. பாத்தியில் இறக்கிவிட்ட பிள்ளை நடக்கிறதா விழுகிறதா என்று பார்க்கிற பார்வைதான் இருந்தது.

"மழைக்காலம். அளத்துல வேலை நடக்காது."

"பாத்தியில என்ன இருக்கும்?"

"மழைத் தண்ணி நிக்கும்." கொஞ்சம் இடைவெளி விட்டு, "குவியல்லேர்ந்து லோடு ஏத்துற வேலை நடக்கும்" என்றார்.

"அது எங்க? தண்ணிக்குள்ளயா?"

"இல்ல. ரோட்டோரம், மேட்டுல."

"அந்த லோடு பொம்பளைங்க ஏத்துவாங்களா?"

"இல்ல. ஆம்பளைங்கதான்."

"அப்போ இந்தம்மா கார்த்திகை மாசம் எந்த உப்புத் தண்ணியில எறங்கி வேலை செஞ்சாங்க டாக்டர்?"

அப்படித்தான் எனக்குச் சொன்னார்கள் என்றார். யார் சொன்னார்கள் என்று வக்கீல் கேட்டார். டாக்டர் பதில் சொல்லவில்லை. தட்டச்சு செய்கிறவர் அதையும், 'பதில் இல்லை' என்று, அடித்துக்கொண்டார்.

அவர் பொய் சொல்லியிருக்கலாம். பூஜை எப்போது, பாத்தியில் என்ன, எனக்கு ஞாபகமில்லை, அண்ணன்தான் அளத்தைப் பார்த்துக்கொள்கிறார் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. அதற்காக நான் அவரை மன்னிக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லாமல் விட்டால் நானும் அவர் கையெழுத்துப் போட்ட காகிதத்தைப் போலத்தான் ஆவேன்.

வெளியே வராந்தாவில் எங்களைக் கடந்து போகும்போது தயங்கி நின்றார். அத்தை ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டார். அந்த ஒரு வார்த்தை இப்போதாவது வருமா என்று நானும் காத்திருந்தேன். "நல்லா இருக்கீங்களா?" என்றார் டாக்டர். பழக்க தோஷம். "இருக்கேன் தம்பி" என்றார் அத்தை. அவர் தலையசைத்துவிட்டுப் படி இறங்கிப் போனார்.

தீர்ப்பு சில மாதங்கள் கழித்து வந்தது. வக்கீல் போனில் படம் படமாக அனுப்பினார். புண்ணைத் தைத்து மூடியதும், சர்க்கரை பார்க்காததும், வீக்கத்தைக் கண்டும் தையலைப் பிரிக்காததும் அலட்சியம்தான் என்று இருந்தது. இவ்வளவு தொகை தர வேண்டும் என்றும் இருந்தது. தொகையை அத்தை காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நான் தேடித் தேடி அந்த இடத்துக்கு வந்து, தமிழாக்கிப் படித்தேன். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை நடக்காது என்பதை எதிர்த் தரப்பே ஒப்புக்கொண்டிருக்கிறது. நோயாளி புண்ணோடு நீரில் இறங்கினார் என்பது நிரூபிக்கப்படவில்லை. நோயாளி தரப்பில் எந்த அலட்சியமும் இல்லை.

"இன்னொரு தபா படி" என்றார். படித்தேன். அனுமந்தைக்குப் போன் போடச் சொன்னார். அண்ணன் எடுத்ததும், ஸ்பீக்கரில் வைத்து, அந்த வரியை மட்டும் அவருக்கும் படிக்கச் சொன்னார். படித்தேன். டிவி சத்தத்துக்கு நடுவே, செரி, செரி என்றார் அண்ணன்.

"கேட்டுச்சாண்ணே?" என்றார் அத்தை. "என் காலு என்னால போவல."

போனை என்னிடம் கொடுத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு நான் அழுததை அவர் பார்த்தார், கேலி செய்யவில்லை.

டாக்டர் மேல்முறையீடு செய்திருக்கிறார் என்று அடுத்த மாசமே செய்தி வந்தது. இனி சென்னையில் மாநில ஆணையத்தில் நடக்கும். எத்தனை நாள் இழுக்கும் என்று வக்கீலுக்கே தெரியவில்லை. கட்டட வேலையிலிருந்து சிமெண்டுத் தூசியோடு வந்த வீட்டுக்காரர், "போதும்மா, ஊருக்குத் தெரிஞ்சிப் போச்சு, இதோட வுட்டுடலாமே" என்றார். எனக்கும் அலுப்பாகத்தான் இருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்த செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு சுவரைப் பிடித்து நடந்து பழகிக்கொண்டிருந்தார் அத்தை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, மெட்ராஸ்லயும் கார்த்திகைக்கு மழதான பெய்யுது?"

"ஆமாங்க அத்தை. இங்கத்தவிட ஜாஸ்தியா பெய்யும்."

"அப்போ அவங்களுக்குச் சொல்லிப் புரியவைக்கறது சுலபந்தான்" என்றார். சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டு ஒரு எட்டு வைத்தார். "அங்க போவ காலைல எத்தினி மணிக்கு பஸ்ஸு?"